மாதிரி இல்லாத சோதனை

– முதல்ல அந்த ஜன்னலைச் சாத்துங்க அண்ணே. உப்புக்காத்து பட்டுத்தான் பழைய கம்ப்யூட்டர் செத்துச்சு. இதையும் சாகடிக்கணுமா?

– சாத்தினா நான் செத்துருவேன் விதாத். கீழே ஐஸ் மெஷின் உறுமுது, மேலே தகரக் கூரை கொதிக்குது, நடுவுல இந்த ஷாத்லி வேகுறான். சரி, நான் ஒண்ணும் சொல்லல. சாத்திட்டேன்.

– அடுத்தது, ஹம்தி குடுத்த பென் டிரைவ்.

– இந்தா. புகையிலை டப்பாவுல வச்சிருந்தேன். மோந்து பார்க்காதே. உன் புருஷன் இதைக் குடுக்கும்போது சொன்னான், 'இதைத் தொலைச்சா துறைமுகத்துக்கே காது போயிடும்'னு. ஏன் பொண்ணே, பழைய மெஷின்ல ஓடிக்கிட்டிருந்ததை அப்படியே எடுத்து இதுல போட்டா ஓடாதா? நீ என்னமோ மறுபடி முதல்ல இருந்து கட்டணுங்கிற.

– ஓடாது. பைத்தான் நல்ல மொழிதான், ஆனா மெதுவா நடக்கும். ரேடியோ அலை போற வேகத்துக்கு அதால ஓட முடியாது. அதனால கேக்குற வேலையை மட்டும் சி மொழியில எழுதி, பைத்தான் தோள்ல ஏத்தி விட்டிருக்கார். இந்த எக்ஸ்டென்ஷன்தான் காது. ஆனா அது பழைய பைத்தானுக்கு அளவெடுத்துத் தச்ச சட்டை. இதுல இருக்கறது புதுசு, தோள் அகலம். மூலத்துல இருந்து மறுபடி வெட்டித் தைக்கணும்.

– அஸர் தொழுகைக்குள்ள தச்சு முடிச்சுடுவியா?

– முடிச்சாகணும். அஸர் முடிஞ்ச கையோட அவருக்குக் காயிப் ஜனாஸா, உடல் இல்லாமலே சவத்தொழுகை, தொழப் போறாங்க. அது முடிஞ்சா நான் விதவை. நாலு மாசம் பத்து நாள் இத்தா, வீட்டை விட்டு இறங்கக் கூடாது. அதுக்கப்புறம் என்னை இந்த மாடிக்கு யாரு விடுவாங்க? நாளைக்குப் பேய்க்கணவாய் சீசன் திறக்குது. தீவுல இருக்குற அத்தனை படகும் கடலுக்குப் போகும். எவனாவது கூப்பிடுபெட்டியை அழுத்தினா கேக்குறதுக்கு இங்க ஒரு காது வேணாமா?

– வேணும், வேணும். மூணு வாரமா இந்த ரூம் செவிடா கிடக்குன்னு வெளியில மூச்சு விடல நான். தெரிஞ்சா ஒரு பொம்பளை புருஷனை அனுப்ப மாட்டா. கையடக்கப் பெட்டி, ஒரு பட்டன், அதை நம்பித்தானே எல்லாரும் போறானுங்க. செஞ்சவன்தான் கடல்ல இருந்து திரும்பி வரல.

– அண்ணே.

– நான் ஒண்ணும் சொல்லல. காப்பி குடிக்கிறியா? ஆரஞ்சுப்பூத் தண்ணி விட்டது.

– வைங்க. ஐயோ, எடுத்த எடுப்புலயே மண்டையில அடிக்குது. ஹெடர் ஃபைல் இல்லையாம்.

– அது என்ன, மீனுக்குத் தலை மாதிரியா?

– அப்படித்தான் வச்சுக்கங்களேன். பைத்தான் இருக்கு, ஆனா அதோட உள்கட்டுமானத்தைச் சொல்ற ஃபைலுங்க இல்ல. அது இல்லாம எதையும் அதுமேல ஏத்த முடியாது. என் போன்ல இருந்து நெட் குடுத்து இறக்கறேன். நம்ம தீவு நெட்டு இருக்கே...

– எதிர்க்கரை ஸ்ஃபாக்ஸுக்கு நீந்திப் போய் வாங்கிட்டு வந்துடலாம்.

– வந்துடுச்சு, வந்துடுச்சு. சரி, அடுத்தது. கம்பைல் பண்றேன். ...ம். இப்ப வேற சொல்லுது.

– என்னங்குது?

– 'இந்தப் பேருல யாரும் இல்ல'ங்குது.

– பிஸ்மில்லாஹ். யாரு பேரு?

– பயப்படாதீங்க, ஒரு ஃபங்ஷன் பேரு. புது பைத்தான்ல அதைத் தூக்கிட்டாங்க. அவரு இருந்த காலத்துல இருந்துச்சு. அந்த இடத்துல வேற ஒண்ணை எழுதணும். எங்க கூப்பிட்டிருக்கார்னு தேடறேன்... இதோ. அட.

– என்ன 'அட'? முகம் ஏன் இப்படிப் போகுது?

– கோடுக்கு நடுவுல எனக்குக் குறிப்பு எழுதி வச்சிருக்கார். அவருக்கு இது பழக்கம்தான், காலேஜ்ல இருந்தே. 'விதாத், நீ இந்த வரியைப் படிச்சுக்கிட்டிருக்கேன்னா நான் பக்கத்துல இல்ல. பக்கத்துல இருந்தா நீ படிக்க மாட்டே, என்னைத்தான் பிடுங்குவே.'

– யா லதீஃப். இன்னைக்குத்தானா இது கண்ணுல படணும்?

– விளையாட்டுக்கு எழுதினது அண்ணே. நான் கோடைப் படிக்க மாட்டேன், சோம்பேறின்னு எப்பவும் கிண்டல் பண்ணுவார். உங்களுக்கு என் வேலை வேணுமா, என் கண்ணீர் வேணுமா? விடுங்க. மாத்தி எழுதிட்டேன். மறுபடி கம்பைல்.

– மஞ்சளா என்னென்னமோ ஓடுதே.

– எச்சரிக்கை. அதை எவனும் படிக்க மாட்டான், நாங்க எல்லாருமே அப்படித்தான். சிவப்பா வந்தாத்தான் நிப்போம். ...முடிஞ்சுது! ஃபைல் உருவாயிடுச்சு, பாருங்க.

– அல்ஹம்துலில்லாஹ். இன்ஸ்டால் பண்ணு, எழுந்து ஓடு. மன்னூபியா பெரியம்மா ரெண்டு தடவை போன் பண்ணியாச்சு. இதோ, மூணாவது. ...ஆங், பெரியம்மா. இருக்கா, இங்கதான் இருக்கா. இல்ல பெரியம்மா, தொழுகைக்குள்ள வந்துடுவா, நான் பொறுப்பு. குஸ்குஸ் எல்லாம் அடுப்புல இருந்து இறக்கியாச்சா? சரி, சரி... நீங்க அழாதீங்க. என்னது? ஹலோ? ...வச்சுட்டாங்க. ஏதோ சொல்ல வந்தாங்க, ஐஸ் மெஷின் சத்தத்துல சரியாக் கேக்கல.

– மாமி என்ன சொன்னாங்க?

– 'ஷாத்லி, இதைப் பாரேன்'னாங்க. போன்ல எதைப் பாக்குறது? உன் மாமியாருக்கு இன்னைக்குத் தலை கால் புரியல, பாவம். நாலு வருஷமா அந்த மனுஷி 'என் புள்ளைக்கு யாரும் ஜனாஸா தொழக்கூடாது'ன்னு வாசல்ல குறுக்க படுத்தவங்க. இப்ப எப்படி ஒத்துக்கிட்டாங்க?

– நான்தான் பேசினேன். ஒரே ஒரு கேள்வி கேட்டேன். 'உயிரோட ஒரு மணி நேரம் மிதந்திருந்தா உங்க புள்ளை அந்தப் பட்டனை அழுத்தாம இருந்திருப்பாரா மாமி?' அவ்வளவுதான். ஒரு வாரம் யார்கூடவும் பேசல. அப்புறம் 'சரி, தொழச் சொல்லு'ன்னாங்க.

– அதைச் சொல்லித்தானே நாமளும் தேடுறதை நிறுத்தினோம். மூணு நாள் இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்கல நான். காதுல இருந்து இந்த ஹெட்போனைக் கழட்டல. ஒரு கீச்சுச் சத்தம் இல்ல. மூணாம் நாள் நான்தான் ரேடியோவுல சொன்னேன், 'திரும்பி வாங்கடா, அவன் ஒரே அலையில போயிட்டான், அழுத்தக்கூட நேரம் கிடைக்கல'ன்னு. சரியாத்தானே சொன்னேன் விதாத்?

– சரியாத்தான் சொன்னீங்க. வேற என்ன சொல்ல முடியும்? பெட்டியும் அவர் செஞ்சது, அழுத்தத் தெரியாதவர் இல்ல. அழுத்தலைன்னா முடியலைன்னுதான் அர்த்தம். நான் அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நாலு வருஷமா தூங்கறேன். அவர் ரொம்ப நேரம் கஷ்டப்படல, அது போதும் எனக்கு. சரி, அடுத்தது, சோதனை.

– இன்னும் என்ன சோதனை! பாங்கு சொல்லப் போறாங்க.

– சோதிக்காம இன்ஸ்டால் பண்ணினா அவர் கத்துவார். ரெண்டு நிமிஷம் அண்ணே. அவரே சோதனையும் எழுதி வச்சிருக்கார். கணக்குச் சரியா, சரி. நேரம் சரியா, சரி. கடைசிதான் முக்கியம். ஏற்கனவே பதிஞ்சு வச்ச ஒரு அழைப்பை, மாதிரிக்குன்னு, இதுக்கு ஊட்டுவோம். இது அதைக் கேட்டு, எந்தப் படகு, எத்தனையாவது அழைப்புன்னு சரியாச் சொன்னா காது வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

– ஏன் நிக்குது?

– தெரியல. கண் சிமிட்டுற நேரத்துல முடியணும். மெஷின் புதுசு, சூடாகல போல. கொஞ்சம் இருங்க... ஆச்சு! தேறிடுச்சு.

– என்ன எழுதியிருக்கு? கண்ணாடி கீழே இருக்கு, நீ படி.

– 'படகு மஹ்ரூஸா. அழைப்பு மூணு.'

– அவன் படகு.

– ஆமா.

– நாலு வருஷம் முன்னாடி முழுகின படகு இப்ப எப்படிக் கூப்பிடும்?

– உக்காருங்க, உக்காருங்க அண்ணே. மாதிரின்னு சொன்னேனே. பெட்டி செஞ்ச புதுசுல நம்ம ஜெட்டியில நின்னு தன் பெட்டியையே நாலு தடவை அழுத்திப் பாத்திருப்பார். அதைப் பதிஞ்சு மாதிரியா வச்சுட்டார். வேற யாரு படகை வைப்பார்? எனக்கும் ஒரு நிமிஷம் உயிர் போயிட்டு வந்துச்சு.

– அதானே. மாதிரி. நான் ஒரு கிறுக்கன். பேரைக் கேட்டதும் எனக்கு... அந்த மூணு நாளும் இந்தப் பேருக்காகத்தான் விதாத் உக்காந்திருந்தேன். இந்த ஒரு வார்த்தைக்காக. இப்ப வருது பாரு, சவத்தொழுகை அன்னைக்கு.

– அழாதீங்க. நீங்க அழுதா நானும் அழுதுடுவேன், வேலை நின்னுடும். இதோ பாங்கு சொல்லிட்டாங்க.

– ஆமா. கண்ணாடி எடுக்கக் கீழே போனேன், எல்லாரும் போயாச்சு. ஐஸ்காரனுங்க, வலைக்காரனுங்க, எல்லாரும் பள்ளிவாசல்ல. இந்தக் கட்டடத்துலயே நாம ரெண்டு பேர்தான். நானும் ஓடணும். போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்குறேன், சிரிக்கக் கூடாது. இன்னொரு தடவை ஓட்டேன். கண்ணாடியை எடுத்துட்டு வந்துட்டேன். அவன் படகு பேரை ஒரு தடவை என் கண்ணால படிச்சுட்டுப் போய்த் தொழறேன்.

– இதுல சிரிக்க என்ன இருக்கு? இதோ. மறுபடி நிக்குது... வந்துடுச்சு. படிங்க.

– 'படகு மஹ்ரூஸா.' மாஷா அல்லாஹ். 'அழைப்பு நாலு.' சரி பொண்ணே, நான் கிளம்பறேன்.

– என்ன படிச்சீங்க?

– மஹ்ரூஸான்னு.

– அதில்ல. நம்பர்.

– நாலு.

– மூணுதானே வரணும். நகருங்க... நாலுதான். இது எப்படி மாறும்? பதிஞ்சு வச்சது ஒண்ணுதானே. ஒரே பாட்டைத் திரும்பப் போட்டா வேற பாட்டு வருமா?

– நீதான் நாலு தடவை அழுத்தியிருப்பான்னு சொன்னே. அடுத்ததைப் பாடுது.

– இல்ல, அப்படி வராது. மாதிரி ஃபைலைப் பாக்குறேன். அந்த ஃபோல்டர்... அண்ணே, காலியா இருக்கு.

– காலியான்னா?

– ஒண்ணுமே இல்ல. ஐயோ, இது கோடு எழுதுற எங்க ஜாதி பண்ற தப்பு. மாதிரி தன் மெஷின்ல இருக்கும், அங்க ஓட்டினா தேறும், எல்லாம் சரின்னு மூட்டை கட்டும்போது அதைச் சேர்க்க மறந்துடுவோம். அவரும் மறந்துட்டார்.

– மாதிரி இல்லாம சோதனை எப்படித் தேறுச்சு?

– அதான் பாக்குறேன். இந்த வரி... 'மாதிரி கிடைக்கலைன்னா ஏரியல்ல என்ன வருதோ அதை எடு.' சும்மா ஒப்பேத்தி வச்சிருக்கார். அண்ணே, ஏரியல் வயரை நான் சொருகவே இல்லையே.

– நான் சொருகினேன். நீ ஸ்க்ரூ முடுக்கிட்டு இருக்கும்போதே. சும்மா தொங்கிட்டு இருந்துச்சேன்னு...

– அப்ப இது பதிஞ்சது இல்ல.

– விதாத்.

– இது இப்ப வந்தது. மூணும் இப்ப, நாலும் இப்ப. ஒரு அழுத்துக்கு ஒரு அழைப்பு. யாரோ அழுத்துறாங்க.

– அவன்தான். நான் ஒண்ணும் சொல்லலன்னு எப்பவும் சொல்லுவேன், இப்ப சொல்றேன். என் அம்மா சொல்லும், தண்ணியில போனவன் தன் தொழுகைக்குத் தானே வந்து நிப்பான்னு. தொழ ஆள் கூடுறாங்க, அவன் வந்துட்டான். அதை நிறுத்து, மெஷினை அமத்து.

– அமத்த மாட்டேன். நாலு வருஷமா கூப்பிடாதவர் கூப்பிடறார், நான் அமத்துவேனா? ஏதாவது பழைய சிக்னல் சுத்திச் சுத்தி வருதா, இல்ல நான் மாத்தி எழுதின வரியில தப்பான்னு பாக்கணும். வயரை உருவுங்க.

– நான் தொட மாட்டேன்.

– சரி, நானே உருவறேன். இதோ, உருவிட்டேன். கையில இருக்கு பாருங்க. இப்ப ஓட்டறேன். ஒண்ணும் வரக் கூடாது. வரலைன்னா வெளியில எங்கயோ கடல்ல இருந்து வருதுன்னு அர்த்தம்.

– வந்தா?

– வராது.

– விதாத், வந்தா? அங்க என்ன எழுதுது? எனக்குக் கண்ணாடியில பனி மூடுது. சொல்லு.

– 'படகு மஹ்ரூஸா. அழைப்பு அஞ்சு.'

– லா இலாஹ இல்லல்லாஹ்.

– ஏரியல் இருந்தா நடுக்கடல்ல இருந்து கூப்பிட்டாலும் கேக்கும். ஏரியலே இல்லாம இவ்வளவு சுத்தமாக் கேக்கணும்னா பெட்டி ரொம்பப் பக்கத்துல இருக்கணும் அண்ணே. இந்தக் கட்டடத்துக்குள்ள.

– இந்தக் கட்டடத்துல நாம ரெண்டு பேர்தான் இருக்கோம்.

– ஆறு. இப்ப ஆறு வந்துடுச்சு. கதவைத் திறங்க.

– மாட்டேன்.

– என் புருஷன் அண்ணே! செத்தவரோ உயிரோட இருக்கறவரோ, என் புருஷன். நகருங்க, நானே திறக்கறேன்... மாடிப்படியில இருட்டா இருக்கு. யாரது? யாரு கீழே? ஹம்தி?

– நான்தான் கண்ணு, என் ஈரக்குலையே. இறங்கி வா.

– மாமி! யா ரப்பி... மாமி, நீங்களா? எப்ப வந்தீங்க?

– வந்து எவ்வளவு நேரமாச்சு. கத்திக் கத்தித் தொண்டை வத்திப்போச்சு. இந்த ஐஸ் மெஷின் சத்தத்துல உங்களுக்கு எங்க கேக்கும்? எனக்கு இந்த முட்டியை வச்சுக்கிட்டு ஒரு படி ஏற முடியாது. அதான் இதை அழுத்தினேன். 'அழுத்தினா மாடியில ஷாத்லிக்குக் கேக்கும்மா'ன்னு ஹம்தி எனக்குக் காட்டிக் குடுத்திருக்கானே. சிவப்பு லைட்டு இன்னமும் எரியுது பாரேன். கேட்டுச்சா?

– கேட்டுச்சு பெரியம்மா. நல்லாவே கேட்டுச்சு. என் பாதி உசிரு போயிடுச்சு, உக்காந்துக்கறேன். அல்லாஹ் உங்களுக்குக் குறை வைக்காம இருக்கட்டும், எங்களைச் சவமாக்கிட்டீங்க.

– போன்லயே சொன்னேனே ஷாத்லி, 'இதைப் பாரேன்'னு. நீ காதுலயே வாங்கல.

– மாமி, அது யாரு பெட்டி? எங்க இருந்து எடுத்தீங்க?

– யாரு பெட்டியா, அவன்துதான். பின்னாடி அவன் கையெழுத்துல 'மஹ்ரூஸா'ன்னு இருக்கே. தொழுகை முடிஞ்சதும் அவன் துணியெல்லாம் ஏழைங்களுக்குக் குடுக்கணும்ல. நாலு வருஷமா அந்த அலமாரியை நான் திறக்கல, உனக்கே தெரியும். இன்னைக்குத்தான் திறந்தேன். நீலக் கோட்டை உதறினேன், பையில இருந்து கால்ல விழுந்துச்சு. வீட்டுல ரெண்டு தடவை அழுத்திப் பாத்தேன். அப்புறம் வழியில ரெண்டு தடவை, இங்க வந்து ரெண்டு தடவை அழுத்தினேன். பழைய நாள்ல அவன் கடல்ல இருந்து வரும்போது நீ ஓடுவியே, அது மாதிரி நீ இறங்கி ஓடி வருவேன்னு நினைச்சேன்.

– நீலக் கோட்டா? அவர் எப்பவும் கடலுக்குப் போட்டுட்டுப் போற கோட்டு.

– அதேதான். அன்னைக்கு அதுல மீன் நாத்தம் தாங்கல. துவைக்கலாம்னு விடிகாலையில நான்தான் கழட்டி வாங்கினேன். அவன் அப்பாவோட பழைய பழுப்புக் கோட்டை மாட்டிக்கிட்டு, நேரமாச்சுன்னு என் தலையில முத்தம் குடுத்துட்டு ஓடினான். அப்புறம் எங்க துவைக்கிறது? அவன் வாசனை போயிடும்னு அப்படியே உள்ள தொங்கவிட்டுட்டேன். ஷாத்லி, ஏண்டா எந்திரிச்சுச் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற? பள்ளிவாசல்ல தக்பீர் சொல்றாங்க, கேக்குது பார். நீ போய் வரிசையில நிக்க வேணாமா?

– போறேன் பெரியம்மா. நீங்க வீட்டுக்குப் போங்க. அதை இப்படிக் குடுங்க, நான் வச்சுக்கறேன். இது வேற, பழைய பெட்டி. கெட்டுப்போனது. அவன் புதுசா ஒண்ணு செஞ்சு எடுத்துட்டுத்தான் போனான். இல்லையா விதாத்? சொல்லேன்.

– ஆமா... ஆமா மாமி. வேற ஒண்ணு எடுத்துட்டுப் போனார்.

– பொய் சொல்லாதே என் ஈரக்குலையே. ஒரு படகுக்கு ஒரு பெட்டிதான்னு அவனே எனக்குச் சொல்லியிருக்கான். நீதானே என்கிட்ட கேட்டே, உயிரோட மிதந்திருந்தா அழுத்தாம இருந்திருப்பானான்னு. இப்ப நான் உன்னைக் கேக்குறேன், சொல்லு. பெட்டி என் வீட்டு அலமாரியில தொங்குனா, அன்னைக்கு என் புள்ளை எதை அழுத்தியிருப்பான்?